அஸ்பெர்ஜில்லம்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். கலை வரலாற்றுப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு யானைத்தந்த வாளி இருக்கிறது. சுமார் 980இல் மிலானில் செய்ததாகக் கருதப்படுவது, புனித நீர் வைப்பதற்கானது. வாளிக்குச் சிக்கல் இல்லை. நீரில் தோய்த்துப் பாதிரியார் தெளிக்கும் ‘அஸ்பெர்ஜில்லம்’ என்ற கருவிக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘தெளிப்பான்’ என்று போட்டேன், “பூச்சிமருந்தா அடிக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டார் பதிப்பாசிரியர். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

> தெளிப்பான்

வேண்டாம். தீர்த்தக்கோல் என்று போடுங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் ‘சாமியார் தீர்த்தம் தெளித்தார்’ என்றுதான் சொல்வோம். வாசலில் விரல் நனைத்துச் சிலுவை போடுகிற இடம் தீர்த்தத் தொட்டி. புனித நீரெல்லாம் அச்சில் வருவது.

> தீர்த்தக்கோல்

தீர்த்தம் வடசொல். ‘நீர்த்தூவி’ போதுமே! தூவானம் என்கிறோம், பூத்தூவுகிறோம். பழைய நீர்விளையாட்டுச் ‘சிவிறி’கூட இருக்கிறது.

சிவிறி பீய்ச்சுவது ஐயா, தெளிப்பது அல்ல. பாதிரியார் கையில் அதைக் கொடுத்தால் பூசை ஹோலியாகிவிடும். அப்புறம், தீர்த்தம் தமிழே. வினை தீர்ப்பதால் தீர்த்தம்.

> வினை தீர்ப்பதால்

மன்னிக்கவும், அந்த வேர் நிற்காது. சமஸ்கிருதத்தில் ‘கடத்தல்’ என்பதுதான் அடிப்படை. ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை தீர்த்தம். தீர்த்தங்கரர் அப்படி வந்ததே. ஆனால் பாருங்கள், பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) தண்ணீரை மந்திரிக்கும் செபத்தில் இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்தது வருகிறது. கோயிலுக்குள் நுழையும்போது அந்த நீரைத் தொடுவதும் ஞானஸ்நானத்தை நினைத்துத்தான். பாவம் ‘தீர்’வதைவிட, ‘கட’ந்து வருவதே அதற்கு நெருக்கம். எனவே வடசொல்லாகவே இருந்தாலும் தீர்த்தம்தான் பொருந்துகிறது.

எல்லாம் சரி, ஏன் கோல்? 51ஆம் சங்கீதத்தில் ‘ஈசோப்பினால் என்னைச் சுத்திகரியும்’ என்று வருகிறதே, அது செடி. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குருக்கள் ஜனவரி 6 திருநாளில் இன்றும் ஒரு செடிக் கொத்தால்தான் தெளிக்கிறார்கள். அது என்ன செடி தெரியுமா? நம் திருநீற்றுப்பச்சிலை! ஆகவே ‘தெளிகொத்து’.

கொத்தா? கொத்தனார் வேலை மாதிரி இருக்கிறது. தலையில் துளையிட்ட உலோக உருண்டை, கீழே கைப்பிடி. நான் பார்த்ததெல்லாம் அதுதான். அம்மா, உங்கள் பாடத்தில் இருப்பது எது? படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

படத்தில் வாளி மட்டும்தான் இருக்கிறது.

(நான்கு மணி நேரம் யாரும் எழுதவில்லை.)

பதிப்பாசிரியரிடம் பேசிவிட்டேன். முதல் இடத்தில் ‘தீர்த்தம் தெளிக்கும் கோல்’ என்று விரித்தும், பிறகு ‘தீர்த்தக்கோல்’ என்றும் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நீர்த்தூவிக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அப்புறம், வாளிக்குச் சிக்கல் இல்லை என்றீர்களே, அது போர்த்துக்கீசிய ‘பால்தே’யிலிருந்து வந்தது என்பார்கள். அதை என்ன செய்யப் போகிறீர்கள்?