குமானோ கோடோவில் எட்டு நாள்: கோஹேச்சியா, நாகஹேச்சியா?

கேள்வி: வழிநடையர்

நாங்கள் ஏழு பேர், 30 வயது முதல் 58 வயது வரை உள்ளவர்கள், மூவர் பெண்கள். வரும் அக்டோபர் இறுதியில் ஜப்பானின் கீ தீபகற்பத்தில், குமானோ ஆலயங்களுக்குச் செல்லும் ‘குமானோ கோடோ’ என்னும் பழைய யாத்திரைப் பாதைகளில், எட்டு நாள் செலவிட எண்ணுகிறோம். மலை நடை எங்களுக்குப் புதிதன்று. ஆனால் நடை மட்டுமே எங்கள் நோக்கமும் அன்று. அந்த மண்ணின் வழிபாடு, உணவு, உறைவிடம் ஆகியவற்றை, பயணிகளுக்காக நடத்தப்படும் காட்சியாக அல்லாமல், அவை இயல்பாக இருக்கும் இடத்திலேயே அறிய விரும்புகிறோம். கோயாசானில் ஒரு கோயில் விடுதியில் தங்கிவிட்டு, அங்கிருந்து கோஹேச்சிப் பாதை வழியாக நான்கு நாளில் ஹோங்கூ ஆலயத்துக்கு நடந்து சேரலாம் என்பது எங்கள் முதல் திட்டம். அது எங்களைப் போன்ற கலப்பான குழுவுக்குப் பொருந்துமா, அல்லது நாகஹேச்சிப் பாதையே மேலா? எங்களில் இருவர் மீனும் முட்டையும் தொடாத சைவர்கள் என்பதையும் கருத்தில் கொண்டு விடை கூற வேண்டுகிறேன்.

பதில் 1: மலைச்சாரல்

இரண்டு பாதைகளையும் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்திருக்கிறேன். உங்கள் குழுவுக்கு நாகஹேச்சிதான் என்று தயங்காமல் சொல்வேன். கோஹேச்சி ஏறத்தாழ 70 கி.மீ.; ஒபாகோ, மியுரா, ஹத்தெனாஷி என்று 1,000 மீட்டரைத் தாண்டும் மூன்று கணவாய்களை ஏறி இறங்க வேண்டும். இடையில் தங்குமிடங்கள் மிகக் குறைவு; நாள் முழுவதும் ஒரு கடைகூடக் கண்ணில் படாது. ஏழு பேரில் ஒருவருக்கு முழங்கால் வலித்தாலும் நடுவழியில் விலகிப் பேருந்து பிடிக்கும் வாய்ப்பு அரிது. எங்களுடன் வந்த நண்பர் மியுராக் கணவாயின் இறக்கத்தில் அப்படித்தான் அவதிப்பட்டார்; இரவு உணவு நேரத்துக்குள் விடுதியை அடைய வேண்டிய அவசரத்தில், ஹத்தெனாஷி முகட்டுச் சிற்றூரின் அழகை நின்று பார்க்காமலேயே கடந்துவிட்டோம். அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நாகஹேச்சி, டாக்கிஜிரியில் தொடங்கி ஹோங்கூ வரை 38 கி.மீ. அளவு. பழங்காலத்தில் தலைநகரமான கியோட்டோவிலிருந்து புறப்பட்ட பேரரசர்களும் பிரபுக்களும் வந்த வழி இது. பின்னாளில் எளிய மக்களும் பெருந்திரளாக வந்ததால் ‘குமானோவுக்குச் செல்லும் எறும்புச் சாரை’ என்றே ஜப்பானியர் சொல்லி வைத்தார்கள். வழி நெடுக ‘ஓஜி’ எனப்படும் சிறு சன்னதிகள் உள்ளன. பலவற்றின் அருகில் முத்திரைப் பெட்டி இருக்கும், கைப்புத்தகத்தில் நீங்களே பதித்துக்கொள்ளலாம். முதல் நாள் டாக்கிஜிரியிலிருந்து டாக்காஹரா வழியாகச் சிகாட்சுயு வரை நடக்கலாம்; தொடக்கத்து நான்கு கி.மீ. செங்குத்தான ஏற்றம், வேர்கள் பின்னிக் கிடக்கும் பாதை. மறுநாள் சிகாட்சுயுவிலிருந்து ஹோங்கூ வரை ஏறத்தாழ 25 கி.மீ. இருப்பதால், மூத்தவர்கள் பேருந்தில் ஹொஷின்மோன் ஓஜிக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் இறக்கமான கடைசி 7 கி.மீ. மட்டும் நடந்தால் போதும். இப்படிக் குழுவைப் பிரித்தும் மாலையில் ஒன்றுசேரவும் முடிவதே இந்தப் பாதையின் பெரிய வசதி. பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுசேர்க்கும் சேவையும் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: அக்டோபர் இறுதியில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும்; தேவதாரு நெருங்கிய காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டும். ஆளுக்கொரு நெற்றி விளக்கு கட்டாயம் வேண்டும்.

பதில் 2: கயல், ஒசாகா

மலைச்சாரல் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கோயாசானை விட்டுவிடாதீர்கள். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலிலும் பிறகு கம்பிவட ரயிலிலும் ஏறினால், ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் கொண்ட ஊர். 816இல் துறவி கூக்காய் பேரரசரிடம் அனுமதி பெற்று நிறுவிய ஷிங்கோன் பௌத்தத்தின் தலைமையிடம் அது. அங்கே இரண்டு இரவு தங்குங்கள். விடியற்காலை வழிபாட்டில் அமர்ந்த பிறகு, சில கோயில்களில் ‘கோமா’ என்னும் தீ வழிபாட்டையும் காணலாம். அது நம் ‘ஹோமம்’ என்னும் சொல்லேதான்; இந்தியாவிலிருந்து சீனம் வழியாகச் சென்று சேர்ந்தது.

ஒக்குனோயின் இடுகாட்டின் வழியாக இரண்டு கி.மீ. நடக்கும்போது கல்லறைக் கற்களைக் கூர்ந்து பாருங்கள். அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, முக்கோணக் கூரை, அரைவட்டம், உச்சியில் இரத்தின மணி வடிவம் என ஐந்து அடுக்குகள்; அவை முறையே நிலம், நீர், தீ, காற்று, வெளி. ஐம்பூதங்களை அதே வரிசையில் அந்தப் பனிமூட்டத்தில் கண்ட நாளில் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். பாதையின் முடிவில் உள்ள சமாதியில் கூக்காய் 835 முதல் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அவருக்கு இன்றும் நாள்தோறும் இருவேளை உணவு எடுத்துச் செல்லப்படுகிறது.

பெண்கள் மூவர் வருவதால் இதையும் சொல்ல வேண்டும். கோயாசானுக்குள் பெண்கள் நுழையும் தடையை அரசு 1872இல்தான் நீக்கியது. அதுவரை அவர்கள் எல்லையில் இருந்த பெண்கள் மண்டபங்களில் வழிபட்டு, மலை முகடுகளைச் சுற்றி நடந்தார்கள். அந்த முகட்டுப் பாதை இன்றும் நடக்கக்கூடியது, எனக்குக் கோயாசானில் மிகவும் பிடித்ததும் அதுவே. குமானோ அதற்கு நேர்மாறாக, பழங்காலத்திலேயே பெண்களையும் நோயாளிகளையும் விலக்காமல் வரவேற்றது. மலைத்துறவிகளான யாமாபுஷிகளின் பயிற்சியை நாடி ஓமினே மலைக்குச் செல்ல நினைத்தால், அதன் சஞ்சோகடாகே சிகரத்தில் இன்றும் பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, கோயில் விடுதிகளின் ஷோஜின் சமையலில் இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை. சாற்றுக்கும் கடற்பாசியும் உலர்ந்த காளானுமே அடிப்படை. எள்ளில் செய்யும் கோமா தோஃபுவைத் தவறவிடாதீர்கள். சிக்கல் மலையூர் விடுதிகளில்தான்: காய்கறிக் குழம்பிலும் ‘தாஷி’ என்ற பெயரில் உலர்ந்த மீனின் சாறு கலந்திருக்கும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது; மீன் தாஷியும் வேண்டாம் என்று முன்பதிவின்போதே ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுங்கள், அங்கே போய் இறங்கிய பிறகு கேட்டால் அந்த முதிய தம்பதியரால் ஒன்றும் செய்ய இயலாது. நண்பகலுக்கு ஊறவைத்த கடுகுக்கீரை இலையில் சோற்றைப் பொதிந்த மெஹாரி சூஷி, குமானோவின் கட்டுச்சோறு. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிநடையர்

இருவருக்கும் நன்றி. கோஹேச்சியைக் கைவிட்டோம். கோயாசானில் இரண்டு இரவு, பிறகு ரயிலில் கீ-தானாபே, அங்கிருந்து நாகஹேச்சி என்று மாற்றிக்கொள்கிறோம். ஹோங்கூவை அடைந்த பின் கையில் இரண்டு நாள் மிஞ்சுகிறது. குமானோவின் மற்ற இரு பெரிய ஆலயங்கள் உள்ள ஷின்குவுக்கும் நாச்சிக்கும் நடந்தே போகலாமா?

பதில் 3: மலைச்சாரல்

நாச்சிக்கு நடந்து போகும் வழியில் கொகுச்சி ஊரைத் தாண்டியதும் ‘உடலை முறிக்கும் ஏற்றம்’ என்று பொருள்படும் தோகிரிசாக்கா வருகிறது; அந்தப் பெயர் மிகையன்று. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் நாளை யுனோமினே வெந்நீரூற்று ஊரில் ஓய்வாகக் கழிப்பேன். உலக மரபுச் சின்னத்தின் பகுதியான ட்சுபோயு என்னும் சிறு குளியலறை அங்கேதான் உள்ளது; வரிசை எண் வாங்கி, இருவர் மூவராக முப்பது நிமிடம் தனியே குளிக்கலாம் என்பதால், பொதுக் குளியலில் உடையின்றி இறங்கத் தயங்குவோருக்கும் அது ஏற்றது. தொட்டியில் இறங்குமுன் உடலைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்ற முறையை மட்டும் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

மறுநாள் குமானோ ஆற்றில் தட்டையான மரப்படகு ஏறி ஷின்குவின் ஹயதாமா ஆலயத்துக்குச் செல்லுங்கள், 16 கி.மீ. தொலைவு, 90 நிமிடம். அந்த ஆறும் யாத்திரைப் பாதையாகவே 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாச்சிக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. அங்குள்ள 133 மீட்டர் அருவியைத் தெய்வமாகவே வணங்குகிறார்கள். பேருந்தில் சென்றாலும் அடிவாரத்துக் கிளைச்சாலையில் இறங்கி, தைமோன்சாக்காக் கற்படிகள் வழியாக ஏறிச் செல்லுங்கள். படகுக்கும் டாக்காஹரா, சிகாட்சுயு விடுதிகளுக்கும் ஏழு இடம் ஒருசேரக் கிடைப்பது கடினம். முதலில் அவற்றைப் பதிவு செய்துவிட்டு, மற்ற நாட்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.