பேல்: மரவேலியா, மண்மேடா?

வில்லியனூர் வாத்தி: ‘பியாண்ட் த பேல்’ங்கிற ஆங்கிலத் தொடர்னா அயர்லாந்துல டப்ளினைச் சுத்தித் தங்கள் ஆட்சிப் பகுதிக்கு எல்லையா ஆங்கிலேயர் நட்ட ‘பேல்’ங்கிற மரவேலிக்கு வெளியே போறதாம், அதனாலதான் வரம்பு மீறின நடத்தைக்கு அப்படிச் சொல்றாங்களாம். ஒரு பயிற்சி மையக் குறிப்பு சுத்துது. என்ன மரவேலி? அந்த எல்லையில 1494 சட்டம் வெட்டச் சொன்னது இரட்டைப் பள்ளம். ஐரிஷ்காரர் பக்கம் தரைக்கு மேல ஆறடி மேடு.

மஞ்சக்குப்பத்தான்: ‘பேல்’ வந்தது லத்தீன் ‘பாலுஸ்’ல இருந்து, அதுக்கு அர்த்தம் முளைக்கம்பு. பேரே வேலிதான் சார்.

வில்லியனூர் வாத்தி: பேரு கிடக்கட்டும், நின்னது என்ன? டப்ளின், மீத், கில்டேர், லவுத்னு நாலு கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஓரத்துக்கும் முளை நட எத்தனை காடு வெட்டறது? நட்டாலும் மண்ணும் காத்தும் சேர்ற தரைமட்டத்துல முதல்ல மக்கும். பள்ளம்னா வெட்டின மண்ணே மேடு. ஆளு ஏறிக் குதிச்சிடுவான். திருடின மாட்டு மந்தையை ஓட்டிட்டுப் போக முடியாது. வேலை அவ்வளவுதான்.

உப்பலவாடியான்: அயர்லாந்து எதுக்கு? 1690ல ஆங்கிலேயர் நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கினப்ப கோட்டையில இருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்தான் எல்லை. குண்டு உப்பலவாடி பேரே சாட்சி.

வில்லியனூர் வாத்தி: கேள்வி பள்ளமா வேலியா. குண்டு இல்ல.

மஞ்சக்குப்பத்தான்: வேலி தெரியணும்னா உங்க பாண்டியையே பாருங்க. ஊரைச் சுத்தி முள்வேலி. 1760 செப்டம்பர்ல அது பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறுச்சு, 1761 ஜனவரியில ஊரே விழுந்துச்சு.

வில்லியனூர் வாத்தி: அது உயிர்வேலி! கற்றாழை, முள்செடி, நடுவுல தென்னை, பனை. வேர் விட்டு வளர்றது எங்கே, மக்குற முளை எங்கே? அதையும் தனியா நம்பலை. அரியாங்குப்பம், வில்லியனூர் வழியில பீரங்கி வெச்ச காவல்மேடு இருந்துச்சு. திரும்பவும் மேடு, கவனிச்சீங்களா?

உப்பலவாடியான்: வில்லியனூரை இழுக்காம வாத்தியாருக்குப் பதிவே முடியாது.

மஞ்சக்குப்பத்தான்: 1657ல அச்சான ஒரு கவிதையில காதல் ஜோடி மாளிகைத் தோட்டத்து ‘பேல்’ தாண்டி உலாவப் போகுது. டப்ளினே இல்ல. தோட்டத்துக்கு ஆறடி மேடா போட்டிருப்பாங்க?

வில்லியனூர் வாத்தி: தோட்டத்தை யாரு கேட்டா? டப்ளின் பேச்சுன்னா டப்ளின். மரம் எங்கேன்னு காட்டுங்க.

உப்பலவாடியான்: போன தடவை தேவனாம்பட்டினம் பேச்சுலயும் இதே கதை. கடலூர்க்காரன் என்ன சொன்னாலும் இவருக்குத் தலைப்பு மாறிடும்.

வில்லியனூர் வாத்தி: கோட்டை உங்களுதுதான், யாரும் பிடுங்கலை. மரம் எங்கே?