ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வசப்பட்ட பட்டர்ஃப்ளை

ஈரோடு மாவட்டத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நான் நீந்தக் கற்றேன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி மாமா படியில் நின்றிருப்பார். கிணற்றில் நீந்துகிறவர்கள் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். சுவரும் படியும் மேலிருந்து குதிக்கிறவர்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அங்கே அது தேவையான பழக்கம். அந்தப் பழக்கமே பின்னாளில் பட்டர்ஃப்ளையில், அதாவது இரு கைகளையும் ஒருசேர நீருக்கு மேலே வீசி நீந்தும் நீச்சலில், என்னை ஆறு ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது என்பது மிகத் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது.

2018இல், கோவையில் ஒரு 25 மீட்டர் குளத்தில் பழகத் தொடங்கினேன். ஏழெட்டு வீச்சுகள் ஒழுங்காக வரும். அதன்பின் இடுப்பு இறங்கிவிடும், கைகள் நீரைவிட்டு வெளியே வராது. தோளில் வலு போதவில்லை என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதை நம்பி, ஓராண்டு ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்து, வலது தோளில் வலியை வரவழைத்துக்கொண்டேன். 2020இல் தொற்றுக்காலத்தில் குளங்களை மூடியபோது, இது இனி நமக்கு வராது என்றே நினைத்தேன்.

இந்த நீச்சல் 1930களில் தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலிருந்து பிரிந்து வளர்ந்தது. இரு கைகளையும் நீருக்கு மேலே வீசிய அந்நாளைய வீரர்கள் போட்டிகளில் தவளை உதையையே உதைக்க வேண்டியிருந்தது. இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் டால்பின் உதைக்கு விதிகளில் இடம் கிடைத்தது பிற்பாடுதான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பட்டர்ஃப்ளை முதன்முறையாகத் தனிப் போட்டியாயிற்று. கையும் காலும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்த நீச்சல் என்று அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது; என்னிடமும் அவை தனித்தனியாகவே இருந்தன.

2024இல் ஒரு நாள் காலை, பக்கத்து லேனில் நீந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, மூச்செடுக்க எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். எதிர்ச்சுவரைப் பார்ப்பதாகச் சொன்னேன். "சுவரைப் பார்த்தால் தலை உயரும், தலை உயர்ந்தால் இடுப்பு இறங்கும். தாடை தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும்; கை முன்னால் வருவதற்குள் நெற்றி உள்ளே போய்விட வேண்டும்" என்றார்.

ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதைகள்: கைகள் நீரில் நுழையும்போது ஒன்று, இழுத்து முடித்து வெளியேறும்போது மற்றொன்று. இதை நான் முன்பே அறிந்திருந்தாலும், நான் தலையைத் தூக்கித் தாமதித்ததால் இரண்டாவது உதை வருவதற்குள் உடல் சாய்ந்துவிடும். அந்த உதையின் விசை உடலை முன்னே தள்ளாமல், மூழ்கும் உடலைத் தூக்கி நிறுத்துவதிலேயே செலவாகிவிடும். அடுத்த மூன்று வாரங்கள் ஒரு கையை முன்னே நீட்டி வைத்து, மறு கையால் மட்டும் வீசி, பக்கவாட்டில் மூச்செடுத்துப் பழகினேன். பிறகு இரு கைகளையும் சேர்த்து, இரண்டு வீச்சுக்கு ஒரு முறை மூச்செடுத்தேன். தாடைக்குக் கீழே நீர் வழுவிப் போவதும், உடனே நீச்சல் கண்ணாடி வழியே குளத்தடியின் கருங்கோடு தெரிவதும் ஒரே அசைவாக வந்த அன்று, இரண்டாவது உதை என் மார்பைத் தானாகவே தூக்கிவிட்டது. கைகளை நான் இழுத்து வெளியே எடுக்கவில்லை. அவை வெளியே வந்திருந்தன.

அன்று 25 மீட்டரை 13 வீச்சுகளில் கடந்தேன். முன்பெல்லாம் 18 வீச்சுகள் போட்டும் சுவர் எட்டியதில்லை. விதிப்படி இரு கைகளாலும் ஒருசேரச் சுவரைத் தொட்டுத் திரும்பி, நிற்காமல் மறுபக்கமும் வந்து சேர்ந்தேன். பெரியவர் தம் லேனின் முனையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு காத்திருந்தார். "இன்னொரு முறை போய் வாருங்கள், பார்க்கிறேன்" என்றார்.