இரு நெக்ஸஸ் ஸ்விட்ச்களில் விபிசி: பியர் லிங்க் இருக்கும்போது கீப்அலைவ் எதற்கு?

கேள்வி:

வணக்கம். டேட்டா சென்டர் ஸ்விட்ச்சிங் படித்து வருகிறேன். இரு தனி சிஸ்கோ நெக்ஸஸ் ஸ்விட்ச்களை வெளியே ஒரே ஸ்விட்ச்சாகக் காட்டும் விபிசி (விர்ச்சுவல் போர்ட் சேனல்) பற்றியே என் ஐயங்கள். ஒரே ஸ்விட்ச்சில் உள்ள பல லிங்க்குகளை எல்ஏசிபி என்ற நெறிமுறை கொண்டு ஒரு போர்ட் சேனலாக, அதாவது ஒரே லிங்க் போல, கட்டுவது நன்றாகவே புரிகிறது. ஆனால் சர்வரின் ஒரு கேபிள் ஒரு நெக்ஸஸ் ஸ்விட்ச்சிலும் மற்றது அடுத்த ஸ்விட்ச்சிலும் செருகப்பட்டிருக்கும்போது, இரண்டையும் ஒரே சேனலாக அந்தச் சர்வர் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பது விளங்கவில்லை. மேலும், இரு ஸ்விட்ச்களையும் நேரடியாகக் கோக்கும் பியர் லிங்க் இருக்கையில், மறு ஸ்விட்ச் உயிருடன் உள்ளதா என்று அறியும் கீப்அலைவுக்கென்று தனிப் பாதை வேண்டும் என ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? பியர் லிங்க் அறுந்தால், நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஸ்விட்ச் தன் விபிசி போர்ட்களைத் தானே அணைத்துவிடும் என்றும் படித்தேன். கட்டளைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் இவற்றின் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1:

முதல் ஐயத்துக்கான விடை எல்ஏசிபி செய்திக்குள்ளேயே இருக்கிறது. எல்ஏசிபி பேசும் ஒவ்வொரு கருவியும் தன் சிஸ்டம் ஐடியையும் (கருவியின் அடையாளம்) கீ எண்ணையும் (லிங்க் எந்தக் கட்டுக்குரியது என்பதன் குறி) மறுமுனைக்கு அனுப்புகிறது. எந்தெந்த லிங்க்குகளில் இவை இரண்டும் ஒன்றாக வருகின்றனவோ, அவற்றை மட்டுமே மறுமுனை ஒரு கட்டாகச் சேர்க்கும். விபிசியில் இரு ஸ்விட்ச்களுக்கும் ஒரே டொமைன் எண்ணைக் கொடுக்கிறோம். அந்த எண்ணிலிருந்து ஒரு பொது மேக் முகவரி (வன்பொருள் முகவரி போன்ற அடையாளம்) உருவாகிறது. விபிசி போர்ட்களில் இரு ஸ்விட்ச்களும் அதையே தம் அடையாளமாக அறிவிக்கின்றன. சர்வர் தரப்பில் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் 802.3 ஏடி என்ற பெயரில் வந்து, 2008இல் 802.1 ஏஎக்ஸ் என்று எண் மாறிய தரத்தை அது பின்பற்றினால் போதும்.

லினக்ஸ் சர்வர் கையில் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பாண்டிங் (லினக்ஸில் லிங்க்குகளைக் கட்டும் வசதி) நிலையைக் காட்டும் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் கீழும் பார்ட்னர் (மறுமுனை) மேக் முகவரியும், அந்தக் கார்டு சேர்ந்த கட்டின் எண்ணான அக்ரிகேட்டர் ஐடியும் இருக்கும். கேபிள்கள் வேறு வேறு ஸ்விட்ச்களுக்குப் போயிருந்தாலும் பார்ட்னர் முகவரி இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அக்ரிகேட்டர் ஐடி வேறுபட்டால், கட்டு உருவாகவில்லை என்று பொருள். இணைப்பு விளக்கு பச்சையாக எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டொமைன் எண்ணில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு விபிசி இணையை மற்றொரு விபிசி இணையுடன் கோக்கும்போது இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், இரு பக்கமும் ஒரே சிஸ்டம் ஐடியைச் சொல்லும், சேனல் எழும்பாது.

மறுமொழி 2:

பியர் லிங்க் பற்றி நான் சேர்க்கிறேன். அதன் முதல் வேலை, இரு ஸ்விட்ச்களும் கற்ற மேக் முகவரிகளையும் விபிசி நிலையையும் ஒத்திசைப்பது. விபிசியில் கட்டுப்பாட்டு மென்பொருள் இரண்டிலும் தனித்தனியே ஓடுகிறது, அமைப்புக் கோப்பும் தனித்தனி. பல ஸ்விட்ச்களை ஒரே கட்டுப்பாட்டில் இயக்கும் ஸ்டாக்கிங்கிலிருந்து இது அடிப்படையில் வேறுபடும் இடம் அதுவே. ஒத்திசைவு நின்றுவிட்டால், இரண்டும் தத்தம் போக்கில் முடிவெடுத்துக்கொண்டு, வெளியே ஒரே ஸ்விட்ச் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இரண்டும் ஃபிரேம்களை (தரவுத் துண்டுகளை) அனுப்புவதைவிட, ஒன்று ஒதுங்கிக்கொள்வதே பாதுகாப்பு. இணையில் ஒன்று பிரைமரி, மற்றது செகண்டரி என்ற பொறுப்பில் இருக்கும். ஆகவே செகண்டரி ஸ்விட்ச் தன் விபிசி போர்ட்களை நிறுத்துகிறது. சர்வர் மீதமுள்ள லிங்க் வழியாகப் பிரைமரியுடன் தொடர்ந்து பேசுகிறது. வேகம் பாதியாகலாம், தொடர்பு அறுவதில்லை.

ஆனால் பியர் லிங்க் கீழே விழுந்ததும் செகண்டரி முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: அறுந்தது கேபிளா, அல்லது பிரைமரி ஸ்விட்ச்சே அணைந்துபோயிற்றா? பிரைமரியே போயிருந்தால் செகண்டரி தன் போர்ட்களை மூடுவது பேரிழப்பு. இந்த ஒரே கேள்விக்கு விடை சொல்லத்தான் கீப்அலைவ் இருக்கிறது. இயல்பு அமைப்பில் நொடிக்கு ஒருமுறை யுடிபி 3200 போர்ட்டில் செல்லும் சிறு செய்தி அது. சர்வர்களின் தரவு எதுவும் அதில் போவதில்லை. அதையும் பியர் லிங்க் மேலேயே ஓட்டினால், இரண்டும் ஒரே கணத்தில் அறுந்து, கேட்க வேண்டிய நேரத்தில் விடை கிடைக்காது.

பழுதுகளின் வரிசையும் முக்கியம். கீப்அலைவ் மட்டும் அறுந்தால் போக்குவரத்துக்கு எதுவும் ஆவதில்லை. அதனாலேயே பலர் அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அதைச் சரிசெய்யாமல் விட்ட நிலையில் பின்னர் பியர் லிங்க்கும் அறுந்தால், இரு ஸ்விட்ச்களும் தாமே பிரைமரி என்று கருதிச் செயல்படும். விபிசியில் உண்மையாகவே அஞ்ச வேண்டிய நிலை அதுதான்.

கேட்டவர்:

காரணம் இப்போது தெளிவாகிறது, மிக்க நன்றி. ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எல்லோருக்கும் செல்லும் பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒன்று முதல் ஸ்விட்ச்சுக்கு வந்து, பியர் லிங்க் வழியாக இரண்டாவதற்குச் சென்றால், அது அங்கிருந்து அதே சர்வருக்குத் திரும்பி வந்துவிடாதா? வளையங்களைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இங்கே எந்த போர்ட்டையும் அடைப்பதில்லையே.

மறுமொழி 1:

திரும்பி வராது. பியர் லிங்க் வழியாக வந்த ஃபிரேமை எந்த விபிசி போர்ட் வழியாகவும் வெளியே விடக்கூடாது என்பது வன்பொருளிலேயே நடைமுறைப்படுத்தப்படும் விதி. முதல் ஸ்விட்ச் தன் பக்கத்து விபிசி போர்ட்களுக்கு அதை ஏற்கெனவே அனுப்பியிருக்கும் என்பதே இதன் அடிப்படை. ஒரு விபிசியின் போர்ட் முதல் ஸ்விட்ச்சில் செயலிழந்திருந்தால், அந்த விபிசிக்கு மட்டும் தடை தளர்த்தப்படும். ஒரே ஸ்விட்ச்சில் மட்டும் இணைந்த ஆர்ஃபன் போர்ட்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவற்றுக்கான ஃபிரேம்கள் பியர் லிங்க்கைத் தாண்டித்தான் போக வேண்டும். பியர் லிங்க் அறுந்து, அத்தகைய சர்வர் செகண்டரியில் மாட்டிக்கொண்டால், அது தனித்து விடப்படும். இயன்றவரை எல்லாச் சர்வர்களையும் இரு ஸ்விட்ச்களிலும் இணையுங்கள். இயலாதவற்றைப் பிரைமரியில் வையுங்கள்.

மறுமொழி 3:

பயிற்சிக்கு மெய்நிகர் நெக்ஸஸ் 9000 போதுமானது. சேனல் எழும்பியதும் நிறுத்திவிடாமல், பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் கீப்அலைவையும், அதை மீட்டபின் பியர் லிங்க்கையும் அறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரு ஸ்விட்ச்களிலும் விபிசி நிலையைக் காட்டும் கட்டளையை இட்டு, எது எந்தப் பொறுப்பில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அதன்பின் ஸ்பானிங் ட்ரீ முறையை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், முதல் வகை ஒத்திசைவுப் பிழை (இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய அமைப்பு வேறுபடுவது) எப்படித் தோன்றுகிறது என்பதும், செகண்டரி தன் விபிசி போர்ட்களை எப்போது நிறுத்துகிறது என்பதும் தெரியவரும்.