கோமாளி மீன் கடல் சாமந்திக்குள் போகவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு

வாங்கி வைத்து வாரக்கணக்காகியும் கோமாளி மீன், பூப்போல விரிந்து கொட்டும் கைகளால் இரை பிடிக்கும் உயிரான கடல் சாமந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். சென்னையில் என் வீட்டுத் தொட்டியிலும் அப்படித்தான் நடந்தது. ஒசெல்லாரிஸ் என்ற கோமாளி மீன் வகையில் ஒரு ஜோடியும், கை நுனிகள் குமிழ்போல் உப்பியிருக்கும் பபுள் டிப் வகையில் சிவப்புச் சாமந்தி ஒன்றும் வளர்க்கிறேன். இரவானால் இரண்டு மீன்களும் மேல் மூலையில் ஹீட்டருக்கு அருகே ஒண்டிக்கொள்ளும். சாமந்தி மறுமூலையில் தனியாக விரிந்திருக்கும்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடலில் ஒசெல்லாரிஸ் வாழ்வது மேக்னிபிகா, ஜைஜான்டியா, மெர்டென்சி ஆகிய மூன்று வகைச் சாமந்திகளில்தான். பபுள் டிப் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதோடு என் மீன்கள் பண்ணையில் பிறந்தவை. சாமந்தியை அவை அதற்கு முன்பு கண்டதே இல்லை.

முதலில் நெருங்கியது பெரியது, அதாவது பெண். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாக வளர்ந்து, ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும்; துணிச்சலும் அதிகாரமும் அதனிடம்தான். வால் நுனியால் சாமந்தியைத் தொட்டது. கொட்டும் கைகள் ஒட்டிக்கொண்டதும் வெடுக்கென்று விலகியது. சற்று நேரத்தில் மறுபடி வந்து வயிற்றால் உரசியது, பிறகு பக்கவாட்டால். அன்று பகல் முழுவதும் நான் தொட்டியை விட்டு நகரவில்லை. உடம்பின் மேலுள்ள சளிப் படலம் இப்படி உரசி உரசித்தான் சாமந்தியின் கொட்டுக்குப் பழகுகிறது. ஒரு கட்டத்தில் கைகள் ஒட்டுவது நின்றது. மீன் அதற்குள் புரண்டது. ஆண் மீன் உடலை நடுக்கிப் பணிவு காட்டியபடியே பின்னால் சென்று சேர்ந்துகொண்டது.

அதன் பிறகு இறால் துண்டு போட்டால் பெண் மீன் அதைக் கவ்விக்கொண்டு போய்ச் சாமந்திக்குள் திணிக்கிறது. மீனின் கழிவில் உள்ள அம்மோனியாவும் சாமந்திக்குள் வாழும் பாசிகளுக்கு உரமாகிறது. தொட்டிக்குள் நான் கை விட்டால் பெண் மீன் கடிக்கவும் செய்கிறது!

மீனுக்காக நீங்கள் பதற வேண்டியதில்லை. சாமந்தி இல்லாமலே அது தொட்டியில் நன்றாக வாழும். கவலைப்பட வேண்டியது சாமந்திக்காகத்தான். புதுத் தொட்டியில் அதை விடவே விடாதீர்கள். குறைந்தது ஆறு மாதமாவது தொட்டி நிலைபெறட்டும். இடம் பிடிக்கவில்லையென்றால் அது நகரும். தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் கருவியான வேவ்மேக்கருக்கு வலையோ ஸ்பாஞ்சோ கட்டாயம் போடுங்கள். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இரவில் நகர்ந்த சாமந்தி வேவ்மேக்கரில் சிக்கிக் கிழிந்தது. காலையில் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் அனைத்தும் இறந்து கிடந்தன.

நம் ஊர் கோடை இன்னொரு சோதனை. மே மாதத்தில் சில்லர் என்ற தண்ணீர் குளிரூட்டும் கருவி இல்லாவிட்டால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூடு நீடித்தால் பாசிகள் வெளியேறிச் சாமந்தி வெளுக்கும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் தயாராக இருக்கட்டும்.

கடையில் தூய வெள்ளையாக இருப்பதை அழகென்று எண்ணி வாங்காதீர்கள். அது பாசிகளை இழந்து பட்டினியில் இருக்கும் உயிர். பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாறையிலிருந்து பறித்ததைவிட, இன்னொருவர் தொட்டியில் பபுள் டிப் தானாகவே பிளந்து உண்டான குட்டியைக் கேட்டு வாங்குவதே நல்லது. என்னுடையதும் பிளந்திருக்கிறது. நிலைபெற்ற தொட்டி வைத்திருப்பவருக்குத்தான் கொடுப்பேன்.

மன்னார் வளைகுடாவில் சேபே கோமாளி மீன் வாழும் ஹாடோனி சாமந்தியை வீட்டில் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அது மணலில் பாதம் ஊன்றும் வகை, அயர்ந்த மீனைப் பிடித்து விழுங்கவும் வல்லது. மணல் எவ்வளவு ஆழம் போட்டீர்கள், உடன் என்ன மீன்கள் விட்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.