மேலிருந்து வரும் கை

புதிதாகப் பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகையை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எப்போது கையில் எடுக்கலாம் என்பதுதான். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் வளரும் டிராகனிடம் நான் கற்றதைச் சொல்கிறேன்.

அதைக் கொண்டுவந்த அன்று என் மாமியார், "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறீங்களே" என்றார். ஊர் ஆஸ்திரேலியா என்றாலும் அது ஓணான் குடும்பம்தான். ஆனால் பயந்தது அதுதான். கட்டைக்கு அடியில் ஒடுங்கி, தாடியை உப்பிக் கறுகறுவென்று ஆக்கிக்கொண்டது. பிள்ளைகளுக்குக் கை பரபரத்தது. ஒரு வாரமாவது யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தொட்டியின் மூன்று பக்கத்தையும் பழைய நாளிதழ் ஒட்டி மறைத்தோம். திறந்த பக்கத்தில் மகள் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதுவாள். நம் குரலும் நடமாட்டமும் அதற்குப் பழகினால் போதும், அந்த நாட்களில் வேறெதுவும் வேண்டாம்.

அப்புறம்தான் கை. டிராகனின் உச்சந்தலையில் வெளிறிய சின்னச் செதில் ஒன்று இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அது மூன்றாவது கண். உருவம் எதுவும் அதில் தெரியாது. வெளிச்சமும் நிழலும் மாறுவதை மட்டும் உணரும். காட்டில் மேலிருந்து நிழல் விழுந்தால் அது பருந்து. நாம் எவ்வளவு அன்போடு மேலிருந்து கையை நீட்டினாலும் அது உயிருக்குப் பயந்துதான் ஓடும். அதனால் கையை அதன் கண்ணில் படும்படி தள்ளி இறக்கி, தரையோடு தரையாக உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டுக் காத்திருப்போம். முராய் பறவைக்கென்று பறவைக் கடையில் விற்கும் சிள்வண்டை முதலில் இடுக்கியில் நீட்டினோம், பிறகு உள்ளங்கையிலேயே வைத்தோம். ஒருநாள் தலையைச் சாய்த்துப் பார்த்தது. இளஞ்சிவப்பு நாக்கு நுனியால் என் விரலைத் தொட்டுப் பார்த்தது. முன்னங்கால் ஒன்றை எடுத்து வைத்தது. நகம் லேசாகக் குத்தியது, வயிறு விளக்குச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. நான் அசையவே இல்லை. அன்று அதோடு விட்டுவிட்டேன், தூக்கவில்லை.

தூக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் கை கொடுத்து, நான்கு காலும் எதிலாவது ஊன்றியிருக்கும்படி பிடிக்க வேண்டும். வாலைப் பிடிக்கவே கூடாது, போனால் மறுபடி முளைக்காது. பட்டர்வொர்த்தில் என் அண்ணி வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வேறு மாதிரி. அது மிரண்டால் வாலைத் தானே உதறிவிடும். புது வால் வரும், ஆனால் பழைய அழகு வராது. பகலெல்லாம் தூங்கும் பிராணி என்பதால் அண்ணி அதைப் பொழுது சாய்ந்த பிறகுதான் எடுப்பார்.

நம் ஊர்ச் சூடே போதும் என்று விளக்கை அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. டிராகன் குளிர்காயும் இடத்தில் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அது இல்லாமல் சோர்ந்து கிடப்பதைச் சாதுவாகிவிட்டது என்று நினைத்துத் தூக்குகிறார்கள். உடம்பு சூடேறித் துறுதுறுவென்று இருக்கும்போதும் கைக்கு வருகிறதா என்று பாருங்கள், அதுதான் பழக்கம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் போதாது. வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், அதற்குத் தனி விளக்கு வேண்டும். தின்றதும் தூக்காதீர்கள். ஜீரணத்துக்கும் சூடுதான் தேவை.

தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைத் தொட ஆசை. அன்று தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றிவிடுவேன், இதில் யார் கோபித்துக்கொண்டாலும் சரி. ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடவே வேண்டாம், மற்றவர்கள் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இன்னொன்று, வாங்கும் முன்பே உரிமம் தேவையா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுவிடுங்கள், கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இப்போது எங்கள் டிராகனுக்குத் தோல் உரிகிறது. இந்தச் சமயத்தில் பழகிய கையைக்கூட அதற்குப் பிடிப்பதில்லை. தொங்கும் தோலைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, மறுபடி தொட்டியிலேயே விட்டுவிடுகிறோம்.