பனிமயம் வீட்டுக் குழு: டேனி கடலுக்குள் போகிறான்

லீனஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா): ஆகஸ்ட் கடைசியில் டேனி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இங்கே வருகிறான். அலிவால் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஸ்கூபா போக இரண்டு பேருக்கும் படகில் இடம் சொல்லியாயிற்று.

கிளாடிஸ் சித்தி: அங்கே சுறா இருக்கிறதா?

லீனஸ்: இருக்கிறது சித்தி. அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

கிளாடிஸ் சித்தி: டேனி, போனை எடு.

கிளாடிஸ் சித்தி: எடுலே.

சவேரியார் மாமா: கிளாடிஸ், கொஞ்சம் பொறு. லீனஸ், எத்தனை பாகம் ஆழம்? அடி மணலா, கல்லா?

லீனஸ்: கல் மாமா. ஒரு காலத்தில் கரையில் கிடந்த மணல்மேடு, இறுகிக் கல்லாகி, கடல் ஏறியபோது மூழ்கிவிட்டது. டர்பனுக்குத் தெற்கே 50 கி.மீ.யில் உம்கோமாஸ், அங்கிருந்து சுமார் 5 கி.மீ. உள்ளே. உச்சி 6 மீட்டர் ஆழத்தில்தான், 3 பாகம் வரும். கதீட்ரல் என்று ஒரு இடம், மேலே கல் வளைவு, கீழே பெரிய குழி. அது 27 மீட்டர் வரை இறங்கும்.

சவேரியார் மாமா: 15 பாகம். நாங்கள் மூச்சுப் பிடித்துச் சங்கு எடுத்த காலத்தில் அவ்வளவு போனதில்லை. நீவாடு எப்படி?

லீனஸ்: அதுதான் இங்கே பெரிய விஷயம். அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நங்கூரம் போடுவதில்லை. கூட வரும் வழிகாட்டி கையில் கயிறு இருக்கும், அதன் மறுமுனையில் மிதவை. மிதவை போகும் வழியே படகு பின்னால் வரும். குதிக்கும்போதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மல்லாக்க விழ வேண்டும், மேலே நிற்காமல் நேராக இறங்க வேண்டும். ஒருவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றால் பாரைத் தாண்டிப் போய்விடுவான்.

டேனி: அம்மா, மீட்டிங்கில் இருந்தேன். ஸ்கூபா லைசென்ஸ் வாங்கியாயிற்று. பயப்படாதீர்கள்.

ஷைனி: எந்தச் சுறா அண்ணா? புலிச் சுறாவா?

லீனஸ்: புலிச் சுறா கோடையில் அதிகம், இங்கே கோடை என்றால் டிசம்பர், ஜனவரி. அதற்கு இரை வைத்துக் கூப்பிடுகிற படகுகள் தனி. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நாங்கள் பார்க்கப் போவது ரேகட் டூத் சுறா. இங்கே எல்லோரும் ரேகி என்பார்கள். ஜூன் வாக்கில் வரும், நவம்பர் வரை குகைகளில் கிடக்கும்.

லீனஸ்: (படம்)

கிளாடிஸ் சித்தி: ஐயோ மாதாவே!

ஷைனி: சித்தி, பல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வாய் மூடியிருந்தாலும் அந்தப் பல் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். மீனை வழுக்காமல் பிடிக்கத்தான் அது. ஆஸ்திரேலியாவில் கிரே நர்ஸ் என்று சொல்வதும் இதே சுறாதான். இதன் முகத்தைப் பார்த்தே ஆள் தின்னி என்று சொல்லி ஈட்டியால் குத்தித் தீர்த்தார்கள். பிறகு 1984இல் நியூ சவுத் வேல்ஸில் பாதுகாப்புக் கொடுத்தார்கள்.

சவேரியார் மாமா: நம் மீன்வளக் கல்லூரிப் பிள்ளை பேசுகிறது பார்.

ஷைனி: இன்னொன்று கேளுங்கள். தாய்க்கு இரண்டு கருப்பை. ஒவ்வொன்றிலும் முதலில் வளரும் குட்டி மற்ற எல்லாவற்றையும் உள்ளேயே தின்றுவிடும். கடைசியில் பிறப்பது இரண்டே இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம்.

கிளாடிஸ் சித்தி: சண்டாளப் பிள்ளைகள். சாப்பிடுகிற நேரத்தில் இதைச் சொல்லாதே.

லீனஸ்: குட்டி குறைவு என்பதால்தான் பிடித்தால் சீக்கிரம் அற்றுப்போகிறது. போன வருஷம் ஒன்று என் முகத்துக்கு எதிரே இரண்டு கை தூரத்தில் வந்து அப்படியே நின்றது. தாடை ஓரத்தில் பழைய தூண்டில் முள், அதில் தொங்கிய நரம்பில் பாசி படர்ந்திருந்தது. கண் சின்னது, வெளிறிய மஞ்சள். அசையாமல் மிதக்கும். மேலே போய்க் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளுமாம், அதனால் கீழே போகாது.

டேனி: வெட்டென்று திரும்பினால்?

லீனஸ்: அதன் வழியை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான். குகை வாசலில் போய் நின்றாலோ முகத்தில் பிளாஷ் அடித்தாலோ வாலை ஒரு வெட்டு வெட்டும், தண்ணீருக்குள் வேட்டுச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் பின்வாங்கிவிட வேண்டும்.

சவேரியார் மாமா: கரையில் குளிக்கிறவர்களுக்கு வலை கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாயே?

லீனஸ்: ஆமாம், டர்பனில் 1952இலிருந்து. ஆனால் கரையை முழுக்க மறைக்காது மாமா, துண்டு துண்டாகத்தான் இருக்கும். சுறா சுற்றிக்கொண்டு உள்ளே வரலாம், திரும்பும்போது கரைப்பக்கமிருந்து மாட்டுவதும் உண்டு. ரேகி, ஆமை, திருக்கை, ஓங்கல் (டால்பின்) எல்லாம் விழுகிறது.

சவேரியார் மாமா: அப்படியானால் அது வேலி இல்லை, சுறா வலை. பேரை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கிளாடிஸ் சித்தி: சுறா ஒன்றும் செய்யாது என்றால் அப்புறம் ஆபத்தே இல்லையா?

லீனஸ்: இருக்கிறது சித்தி, படகில். உம்கோமாஸ் ஆற்று முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ரப்பர் ஓரம் வைத்த படகு, இரண்டு எஞ்சின். லைப் ஜாக்கெட் போட்டு, காலைத் தரையில் உள்ள வாரில் செருகிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் அலைக்கு அலை சுற்றிச் சுற்றி, இடைவெளி கிடைத்ததும் ஒரே பாய்ச்சல். திரும்பும்போது வேகத்தைக் குறைக்காமல் மணலில் ஏற்றிவிடுவார். முதல் தடவை எனக்கு அதுதான் பயம்.

சவேரியார் மாமா: நம் ஆட்கள் கட்டுமரத்தில் செய்ததுதான்.

டேனி: கதீட்ரல் போகலாமா?

லீனஸ்: உன் லைசென்ஸுக்கு 18 மீட்டர்தான். ரேகி குகையும் வடக்கே உள்ள பாறை முனைகளும் போதும். அங்கேயே களவா மீன், அஞ்சாலை மீன், ஆமை எல்லாம் வரும். 1974இல் மூழ்கிய புரொட்யூஸ் என்று ஒரு நார்வே கப்பல் இருக்கிறது, கரும்புப் பாகு ஏற்றி வந்தது. அது 30 மீட்டர், உனக்கு அடுத்த தடவை.

ஷைனி: திமிங்கலம்?

லீனஸ்: கூன்முதுகுத் திமிங்கலம் அந்த நேரத்தில் இந்தக் கரையோரம்தான். பார்க்காவிட்டாலும் அடியில் இருக்கும்போது பாட்டுக் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

டேனி: சரி, ஞாயிறு காலை இரண்டு தடவை மூழ்கிவிட்டு மதியம் காரில் கிளம்பினால் இரவு ஜோகன்னஸ்பர்க். திங்கள் ஆபீஸ்.

லீனஸ்: கூடாது.

சவேரியார் மாமா: ஏன், மேடா?

லீனஸ்: ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரம் மாமா. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் மலை ஏறினால் விமானத்தில் ஏறிய மாதிரிதான், குமிழியாகிவிடும். விமானத்துக்கு ஒரு தடவை மூழ்கினால் 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 என்பார்கள். நான் இந்தச் சாலைக்கும் அதையே வைத்துக்கொள்வேன், அதற்கு மேலும் காத்திருப்பேன்.

சவேரியார் மாமா: டேனி, இதைக் கேள். இங்கே கம்ப்ரசர் குழாயைக் கவ்விக்கொண்டு சங்குக்கு இறங்கி, ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டு வலி என்று தைலம் தேய்ப்பார்கள். ஒருவனுக்குக் கால் விளங்காமலே போனது. சுறா கடித்து வந்தவனை நான் பார்த்ததே இல்லை.

கிளாடிஸ் சித்தி: டேனி, ஒரு நாள் லீவு போடு.

டேனி: வெள்ளி லீவு போடுகிறேன். வெள்ளி, சனி மூழ்குவோம். ஞாயிறு?

லீனஸ்: பூசைக்குப் போய்விட்டு பன்னி சௌ சாப்பிடலாம். ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக் குழம்பு. கடைக்காரர் பேர் கோவெண்டர், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வம்சம். தமிழ் வராது, ஆனால் குழம்பில் நம் காரம் இருக்கும். திங்கள் விடியற்காலையில் கிளம்பு.

ஷைனி: வெட்சூட், அந்தக் குளிர் தாங்கும் ரப்பர் உடை, 5 மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்துக்கொள் அண்ணா. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் 20 டிகிரி வாக்கில்தான். மழை குறைவு என்பதால் ஆற்றுக் கலங்கலும் இருக்காது.

கிளாடிஸ் சித்தி: படம் எடுத்தால் குழுவில் போடு. பல் தெரியாத பக்கமாக எடு.

டேனி: அப்படி ஒரு பக்கம் அதற்குக் கிடையாது அம்மா.